பார்க்காமல் போட்ட கையெழுத்து

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் ஆண்டவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபத்தில் இல்லை. களைப்பில்.

பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். அதன் சேர்க்கை அலுவலகத்துக்கு வெளியே, நிழலே இல்லாத இடத்தில், என் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். சீட் சுட்டது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. பக்கத்தில் என் மகள் பிளெஸ்ஸி, ஃபைலை மார்போடு அணைத்தபடி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றுகிற வேலையாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், சபையாரே.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையங்களின் அளவைச் சரிபார்க்கிறவன். வீடு கரையான்சாவடியில். என் மனைவி கிரேஸுக்கு இரண்டு வருடமாகக் காரணம் தெரியாத சோர்வு. நான்கு படி ஏறினால் ஐந்தாவது படியில் உட்கார்ந்துவிடுவாள். போன இடத்திலெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் குழாய் ஒரு கதவுக்குப் பின்னால் போகும். பிறகு ஒரு தாள் வெளியே வரும். நாங்கள் டாக்டரைப் பார்த்துக் கும்பிடுவோம். பிளெஸ்ஸி மட்டும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் கிரேஸின் நோயைக் கண்டுபிடித்தது கதவுக்குப் பின்னால் இருந்த யாரோ ஒருவர். அவர் முகத்தை நாங்கள் பார்க்கவேயில்லை. இன்று கிரேஸ் மூச்சு வாங்காமல் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிறாள்.

பிளஸ் டூ முடிந்ததும் பிளெஸ்ஸி, "நான் பயோமெடிக்கல் சயின்ஸ்க்குப் போடறேன்பா" என்றாள்.

பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போவுதாமே?"

"டாக்டர் இல்லண்ணே. டாக்டருக்கு இன்னா வியாதின்னு எழுதிக் குடுக்குறாங்களே, அவங்க."

"அப்போ டாக்டருக்கே டாக்டரு! பெரிய எடம்தான் மாமே" என்று சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை ஏறியது. மறைக்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ஏன் இந்தப் படிப்பு? அவள் நான்கு நாள் எழுதினாள். நான் திருத்தித் தருகிறேன் என்று பத்து முறை போய் நின்றேன். எனக்கு வார்த்தைகளை அடுக்குகிற வியாதி உண்டு; நம் சபைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். "நீ கொஞ்சம் சும்மா இருப்பா" என்றாள். எனக்கு வராத ஒரே காரியம் அதுதான். சும்மா இருப்பது.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இடமும் கொடுத்தார்கள். அசல் சான்றிதழ்களைத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எஸ்தர் அக்கா வீட்டில் உபவாச ஜெபம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பரீட்சைப் பேனா முதல் புது ஸ்கூட்டர் சாவி வரைக்கும் அக்கா ஜெபிக்கிற அந்த மேசைக்கு வராத பொருள் இல்லை. நானும் சான்றிதழ்களைப் பரப்பினேன். அக்கா எண்ணெய் தொட்டு, கண்ணீரோடு ஜெபித்தார்கள். கண்ணை மூடி ஜெபிக்கிறவருக்கு விரல் எங்கே படுகிறது என்று எப்படித் தெரியும்? ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், பள்ளியில் கொடுத்த மாற்றுச் சான்றிதழின் மூலையில், அந்த டிசியின் மூலையில், நெல்லிக்காய் அளவுக்கு எண்ணெய்.

சனிக்கிழமை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகப்பவுடர் தூவினேன். ஃபேனுக்குக் கீழே பிடித்தேன். கறை பரவுகிற மாதிரியே இருந்தது. மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த டிசிக்கு லேமினேஷன் போட்டுவிட்டேன். கடைக்காரர் அதை மேசையில் தட்டிக் காட்டினார். "அண்ணாத்தே, இனிமே மூணு நாள் தண்ணில ஊற வச்சாலும் ஒண்ணியும் ஆவாது."

ஃபைலுக்குள் திரும்ப வைத்தேன். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி.

திங்கட்கிழமை கவுண்டரில் இருந்தவர் அதை எடுத்தார். வளைத்துப் பார்த்தார். "இதுல எப்படி சார் சீல் குத்துறது? பின்னாடி எப்படி எழுதுறது? லேமினேட் பண்ணினது எடுக்க மாட்டோம்னு லெட்டர்லயே போட்டிருக்கே."

போட்டிருந்தது. ஆறாவது வரியில். நாள் முழுக்க அரை மில்லிமீட்டரைத் தேடுகிற கண்ணுக்கு அந்த வரி தட்டுப்படவில்லை.

"நாலு மணிக்குள்ள சரியான டிசி கொண்டாங்க. இல்லன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பொண்ணக் கூப்புட்டுருவோம்."

பிளெஸ்ஸி என்னைப் பார்த்தாள். "எப்பப்பா பண்ணே?"

"சனிக்கிழம."

அவ்வளவுதான் பேசினோம். அப்படித்தான் அந்தப் பைக்கின்மேல் வந்து உட்கார்ந்தேன். முதலில் எஸ்தர் அக்காமேல் கசந்தேன். அக்கா, இதை நீங்கள் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள், என்னை மன்னியுங்கள். பிறகு ஆண்டவர்மேல். உம்முடைய சமுகத்துக்குத்தானே கொண்டுவந்தோம், வேறெங்கேயும் கொண்டுபோகவில்லையே என்று. பிறகு அந்தக் கசப்பையும் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லாமல் போனது.

"அடுத்த வருஷம் போட்டுக்கிறேன்பா. வெயில்ல உக்காராத, வா" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கூட்டங்களில் என்னை ஜெபிக்கச் சொன்னால் ஆறும் மலையும் வானமுமாகப் பத்து நிமிடம் ஓடும். அன்று ஒரு சொல்லும் எழும்பவில்லை. கடைசியாக வந்தது இதுதான்: "ஆண்டவரே, என்னால முடியல. இனி நான் எதையும் தொடல. நீரே பாரும்." அதற்கு ஆமென்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்குப் போய்க் கேட்கலாம் என்றது அவள்தான். அவளுடைய அரசுப் பள்ளி பூந்தமல்லியிலேயே. மெட்ரோ வேலைக்காகப் பாதி அடைத்த சாலையில் ஊர்ந்து போய்ச் சேர பன்னிரண்டரை ஆகிவிட்டது. அலுவலகத்தில் இருந்த அம்மா டிசியை வாங்கி விசிறிக்கொண்டார்.

"இன்னா சார் இது, நல்லா காத்து வருதே! வருசத்துக்கு ரெண்டு பேராவது இப்டி எடுத்துகினு வராங்க. எல்லாம் அப்பாங்கதான். ஒரு அம்மா கூட வந்தது கெடையாது."

பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

வழி இருந்தது. இதை ஒப்படைத்துவிட்டால் ரத்து செய்து, கம்ப்யூட்டரிலிருந்து வேறொன்று எடுத்துத் தருவார்கள். ஆனால் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். அவர் வியாழக்கிழமை கண் ஆபரேஷன் செய்துகொண்டு நெமிலிச்சேரியில் வீட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு உத்தரவு இன்னும் வரவில்லை.

என் கால் பரபரத்தது. கல்வி அலுவலகத்துக்கு ஓடலாம், யாராவது கவுன்சிலரைப் பிடிக்கலாம், இந்த அம்மாவின் காலிலேயே விழலாம். எதையும் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தேனே. பெஞ்சில் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடம் என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

யாரும் கேட்காமலே அந்த அம்மா ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். "மேடம், பிளெஸ்ஸின்னு ஒரு பொண்ணு..." விஷயத்தைச் சொன்னார்.

"எந்த பிளெஸ்ஸி? பெல் அடிச்சாலும் மைக்ராஸ்கோப்ப உட்டு எந்திரிக்காதே, அதுவா? சீல் குத்தி ஊட்டுக்கு அனுப்பும்மா. சீக்கிரம்."

சீல் குத்திய புது டிசியோடு வெளிவட்டச் சாலையில் பைக்கை விரட்டினேன். நெமிலிச்சேரி ரயில் நிலையத்தைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனபோது மணி இரண்டு. கறுப்புக் கண்ணாடியும் நெற்றியில் விபூதியுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கண்ணில் மருந்து. மற்றொரு கண்ணும் புகைமாதிரிதான் தெரிகிறதாம்.

"அம்மா, குனியக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னாங்க!" என்று அவர் மகள் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"குனியலடி. தாளு மேல வரும்." பிளெஸ்ஸி பரீட்சை அட்டையில் வைத்து அவர் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். "கையெழுத்து எங்கம்மா? வெரல வை."

பிளெஸ்ஸி விரலை வைத்தாள். அவர் இடது கையால் தடவி அந்த விரலைக் கண்டுபிடித்தார். அதன் ஓரமாகப் பேனாவை ஊன்றிக் கையெழுத்துப் போட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லிட்டு..."

"அதான் அவ வெரல வச்சிக்கீறாளே சார். இன்னும் இன்னா படிக்கிறது? மணி ஆவுது, கெளம்புங்க."

மூன்று நாற்பதுக்குக் கவுண்டரில் கொடுத்தோம். அவர் டிசியைத் திருப்பி, பின்பக்கம் ஏதோ எழுதி, சீல் குத்தினார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லத்தான் நினைத்தேன். மூச்சுதான் வந்தது.

பிளெஸ்ஸி இப்போது வகுப்புக்குப் போகிறாள். வெள்ளைக் கோட்டை அவளே துவைத்து அவளே தேய்க்கிறாள். நான் பக்கத்தில் போவதில்லை. என் சோர்வு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஷிப்ட் அதே ஷிப்ட், முதுகுவலி அதே முதுகுவலி. ஆனால் ஒரு காரியத்தை ஆண்டவரிடம் கொடுத்தபிறகு, அதைத் திரும்பப் பிடுங்கி என் கையால் சரிசெய்யப் பார்க்கிற பழக்கம் குறைந்திருக்கிறது. ஜெபமும் சுருங்கிவிட்டது. பத்து நிமிடம் இப்போது இரண்டு வரி. கேட்கிறவருக்கு அது போதுமானதாக இருந்தது. என் தேவனுக்கு நன்றி. அந்த அலுவலக அம்மாவை அன்று ஃபோனை எடுக்க வைத்தவருக்கு நன்றி.

ஒரு விண்ணப்பம். அந்தத் தலைமையாசிரியைக்கு அடுத்த மாதம் இன்னொரு கண்ணில் ஆபரேஷன். பெயர் கற்பகம். நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் அவர் பெயரைச் சொல்கிறோம், நீங்களும் சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம். உங்கள் கையை மீறிப்போன காரியம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.