எட்டு மணிக்குப் பிறக்கிற நாள்

எங்கள் மில்லில் நாள் காலை எட்டு மணிக்குத்தான் பிறக்கும். ஊருக்கெல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறினால் மாறிவிட்டுப் போகட்டும். நடுராத்திரி முதல் காலை எட்டு வரை வேலை பார்க்கிற முழு நைட் ஷிஃப்டுக்காரர்களுக்கு, மறுநாள் காலை எட்டு மணிச் சங்கு ஊதும்வரை அது முந்தின நாள்தான். செவ்வாய்க்கிழமை முழு நைட் என்றால் புதன்கிழமை விடிந்து வெயில் ஏறும்வரை செவ்வாய்க்கிழமை. இருபத்திரண்டு வருஷமாக ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிற எனக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். தெரிந்தும் அதற்காகவே ஒரு பெண்ணைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். "ஒங்க கோவத்துக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுக்கணும். ஒரே சீட்ல ரெண்டு பேரும் எப்படித்தான் உக்காந்து போறியளோ" என்பாள் என் மனைவி.

மில்லில் எந்த மிஷின் எப்போது மக்கர் செய்தது என்பதை முன்பெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தோம். கிரீஸ் கை பட்டுப் பாதி எழுத்து அழிந்துபோகும். நான் ஐடிஐ படித்த ஃபிட்டர்தான், ஆனாலும் கம்ப்யூட்டர் கிறுக்கு உண்டு. இணையத்தில் தேடி ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்தேன். இலவசம். அதோடு அதன் உள்ளே இருக்கிற நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லாருக்குமாக அனுப்பியும் வைக்கலாம். எங்கெங்கோ இருக்கிற சிலர் சம்பளம் வாங்காமல் அதைப் பராமரிக்கிறார்கள். அதை ஒரு டேப்லெட்டில் போட்டுத் தூணில் மாட்டினேன். மிஷினில் கோளாறு தெரிந்தால் அங்கே நிற்பவர்களே தேதியும் நேரமும் போட்டு எழுத வேண்டும், மறுநாள் காலையில் நான் பார்ப்பேன்.

அதில் அதிகம் எழுதியவர் வன்னியம்பட்டியிலிருந்து வருகிற ஒரு பெண். நூல் அறுந்தால் பிணைக்கிற வேலை அவருக்கு. மிஷின் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அதன் சத்தம் மாறியதைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் எழுதியதை நம்பி நான் கெட்டுப்போனதே இல்லை, அந்த வாரம் வரை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆறாம் நம்பர் மிஷினில் பேரிங் மாற்றினேன். மறுநாள் காலையில் டேப்லெட்டைப் பார்த்தால், அவர் எழுதியிருந்தார்: செவ்வாய்க்கிழமை, இரவு இரண்டு மணி, ஆறாம் நம்பரில் சத்தம். சரி, மத்தியானம் நாம் பேரிங் மாற்றுவதற்கு முந்திய புகார், நேற்றுக் காலையில் கண்ணில் படாமல் போயிருக்கும், அதுதான் சரியாகிவிட்டதே என்று மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்று சாயங்காலம் ஆறாம் நம்பர் பேரிங் சிக்கி, பெல்ட் அறுந்து, மிஷின் நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி, ஒரு ஷிஃப்ட் போய் இன்னொரு ஷிஃப்ட் வருகிற நேரம். வருகை பதிகிற டைம் ஆபீஸ் முன்னால் அவரை நிறுத்தினேன். "ஏம்மா, தேதிகூடவா தெரியாது ஒனக்கு? ராத்திரி ரெண்டு மணின்னா பொதங்கெழம ஆயிருச்சுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"முழு நைட்டு செவ்வாக்கெழம கணக்குதான அண்ணாச்சி?" என்றார் அவர்.

"வாய் பேசாத. எழுதத் தெரியலன்னா எழுதாத!"

நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். அவர் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது சரி. எங்கள் மில் கணக்குப்படி அது செவ்வாய்க்கிழமையேதான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. அவர் என் சொல்லைத் தட்டாமல் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். டேப்லெட் தூணில் சும்மா தொங்கியது. மிஷின் நின்ற பிறகுதான் எனக்கு விஷயமே தெரியவரும்.

யாரையாவது திட்டியாக வேண்டுமே, மென்பொருளைத் திட்டினேன். அதைப் பராமரிக்கிறவர்களின் பொதுப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உங்கள் தேதிக் கணக்கு நைட் ஷிஃப்டுக்கு ஒத்துவராது, இதைச் சோதித்துப் பார்த்தது யார் என்று சண்டைக்கு நிற்பதுபோல் எழுதிப்போட்டேன். பதில் வந்தது. "நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி" என்று தொடங்கியது. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். குறை சொன்னாலும் நன்றி, திருத்தம் அனுப்பினாலும் நன்றி, அனுப்பிய திருத்தம் வேலைக்கு ஆகாது என்பதைக்கூட ஒரு நன்றிக்குப் பிறகுதான் சொல்கிறார்கள். "வேல வெட்டி இல்லாதவங்க போல" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு நானே உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்று. இனி தேதியை மென்பொருளே போட்டுக்கொள்ளும்; நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும், அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் முந்தின நாள் கணக்கில் சேரும். அனுப்பினேன். நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜபாளையத்து ஃபிட்டர் எழுதியது உலகம் முழுக்கப் போகிறது என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன்.

உலகம் முழுக்கத்தான் போனது. அதுதான் வினை. மில்லில் எட்டு மணிக்கு நாள் தொடங்கினால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் கேன்டீனில் டீயோடு அந்தப் பக்கத்தைத் திறந்தால், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஜெனரேட்டரை விடியற்காலையில் சோதிக்கிறார்கள், அது முந்தின நாள் சோதித்ததாகப் பதிவாகிறது, சோதிக்க வேண்டிய நாட்கள் எல்லாம் தள்ளிப்போய்க் குழம்பிவிட்டன. நல்லவேளை, ஒருவர் கவனித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தத் திருத்தத்தை அனுப்பியது யார் என்று கேட்டிருந்தார். கீழே என் பெயர் இருந்தது.

டீயைத் தள்ளிவைத்தேன். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எல்லாரும் சேர்ந்து கிழிக்கப்போகிறார்கள், கிழிக்கட்டும், நமக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று அந்தப் பக்கத்தில் இருந்த என் கணக்கை மூடிவிடும் முடிவோடு மறுபடி திறந்தேன்.

அந்த மென்பொருளுக்குப் பொறுப்பாக இருக்கிற பெண்மணி பதில் எழுதியிருந்தார். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்காரருக்கு நன்றி சொல்லியிருந்தார். பிறகு: "தவறு எங்களுடையது. எல்லா இடத்திலும் இது பொருந்துமா என்று கேட்காமலே நாங்கள் சேர்த்துக்கொண்டோம். அனுப்பியவர் தன் இடத்துக்குச் சரியானதைத்தான் செய்தார்." அதற்குக் கீழே எனக்கு: "உங்கள் மில்லில் நாள் ஏன் எட்டு மணிக்குத் தொடங்குகிறது? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தயவுசெய்து போய்விடாதீர்கள்."

சைக்கிள் ஷெட்டுக்குப் போய் நின்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தப்புச் செய்தால் திட்டு வாங்கியும் திட்டியும்தான் எனக்குப் பழக்கம். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி, அதற்குமேல் என்னைப் போகாதே என்று சொன்ன ஆள் அதுவரை யாருமில்லை. அந்த நன்றியைப் போய்க் கிண்டல் செய்தோமே என்றிருந்தது.

மூன்று ஷிஃப்டையும் விளக்கி நீளமாக எழுதினேன். இரண்டே வாரத்தில் எல்லாரும் சேர்ந்து அதைச் சரிசெய்தோம். இப்போது அந்த மென்பொருளை யார் புதிதாகப் போட்டாலும் அது முதலில் கேட்கும் கேள்வி, உங்கள் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதுதான். பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டார். மனைவியிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "ஒங்க பேரு மட்டுமா? மொதல்ல சொன்னது அந்த வன்னியம்பட்டிப் புள்ள இல்லையா?" என்று கேட்டாள். அன்றைய ராத்திரி தோசை எத்தனை சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

மறுநாள் காலை, மில் பஸ் நிற்கிற இடத்தில் அவர் தனியாக நிற்கும்போது போய் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றும் சொன்னேன். பட்டியலில் பெயர் போடட்டுமா என்று கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க வஞ்சது அம்புட்டுப் பேரு முன்னாடி. இப்ப ஆளில்லாத எடமாப் பாத்து வந்து பேரு போடவான்னு கேக்கிய."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. மென்பொருளுக்குப் பொறுப்பான அந்தப் பெண்மணியும் எல்லாரும் பார்க்கிற இடத்தில்தானே எழுதினார்?

அடுத்த நாள் எட்டு மணிச் சங்கு ஊதியதும் அதே டைம் ஆபீஸ் முன்னால் நின்றேன். "எல்லாரும் செத்த நேரம் நில்லுங்க" என்றேன். "அன்னைக்கு இந்தம்மாவ நான் வஞ்சது தப்பு. அவுக போட்ட தேதி சரி. மன்னிச்சிரும்மா. நீங்க யாரும் எழுதாம எனக்கு மிஷினப் பாக்க முடியல." பின்னால் யாரோ ஒருத்தி, "அண்ணாச்சிக்கு மேலுக்கு ஏதும் சொகமில்லையா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். போகும்போது என் பக்கம் வந்து, "எம் பேரு வேண்டாம். முழு நைட்டுக்காரங்கன்னு போடுங்க" என்றார். அப்படியே போட்டேன். பட்டியலில் என் பெயர் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

நாலு நாள் கழித்து டேப்லெட்டில் ஒரு வரி வந்திருந்தது. மூன்றாம் நம்பரில் சத்தம், திங்கட்கிழமை, இரவு இரண்டேகால் மணி. அதன் கீழே முதலில் நன்றி என்று எழுதிவிட்டு, பிறகு ஸ்பேனரை எடுத்தேன்.

மறுநாள் காலை அவர் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது என்னிடம் வந்தார். "மிஷின் கெட்டுப்போச்சுன்னுதான எழுதுனேன். அதுக்குப் போயி யாராச்சும் நன்றி சொல்லுவாகளா?"

"சொல்றாகம்மா."

"எங்கன?"

"பேரு போட்டமே, அந்த எடத்துல."

டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்ப அவியளுக்கு நான் நன்றி சொன்னேன்னு எழுதிருங்க அண்ணாச்சி" என்றார்.

அன்று சாயங்காலம் அதை எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.