காலக்கா போட வைத்த நாற்காலி

செய்து முடித்த செயற்கைக் காலைக் கட்டைவிரலால் அழுத்துகிறார், விரல் முட்டியால் தட்டுகிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகுதான் அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் பக்கம் திரும்பி, "ம், நடங்க பாப்போம்" என்கிறார். நடப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, குதிகால் விழும் இடத்தையே பார்க்கிறார். "வலிக்கலன்னு வாய் பொய் சொல்லும். குதிகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மருந்துக் கிடங்கை ஒட்டிய நீள அறை அவருடைய பட்டறை. அலமாரியில் வரிசையாகப் பாதங்கள். இடதுக்கு நீல ஸ்டிக்கர், வலதுக்குச் சிவப்பு. ஓரத்தில் மாவுக்கட்டு வாளி. கையில் எந்நேரமும் வெள்ளைப் பொடி அப்பியிருப்பதால், போன் வந்தால் முழங்கையால்தான் ஸ்பீக்கரைத் தட்டுவார். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தேழு வருடமாகச் செயற்கைக் கால் செய்கிறார். வார்டு பாய் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் காலக்கா. பெரிய டாக்டர் ஒருமுறை அலுவலகக் கடிதத்திலேயே "மதிப்பிற்குரிய காலக்கா" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கூடப் பிறந்த ஒரே தம்பி, விமான நிலையத்தில் பயணிகள் சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளர். கறாரென்றால் அப்படியொரு கறார். ஊருக்குக் கிளம்பிய சொந்த மாமனாரின் ஷேவிங் கிரீமை, அளவுக்கு மேல் இருக்கிறது என்று பிடுங்கிக் குப்பையில் போட்டவர். மாமனார் அன்றிலிருந்து ரயிலில்தான் வந்து போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காலக்காவுக்குத் தம்பி வீட்டில் சாப்பாடு. இலவச இணைப்பாக வாக்குவாதம்.

"தண்ணி பாட்டில ஏன்டா புடுங்கறீங்க? தண்ணி என்ன வெடிக்கவா போகுது?"

"தண்ணின்னு மேல எழுதியிருந்தா உள்ள இருக்கறது தண்ணியாயிடுமா அக்கா?"

தண்ணீரில் தொடங்கும், ஷூவைக் கழற்றுவது, நகவெட்டி, சாய்கிற சீட்டு என்று ஏறிக்கொண்டே போகும். தம்பி மனைவிக்குப் பொறுமை போய் ஒரு நாள் தீர்ப்பு சொன்னார்: "அண்ணி, இங்க சண்டை போடறவங்கதான் பாத்திரம் கழுவணும்." அதிலிருந்து ஞாயிறுதோறும் அக்கா தேய்ப்பார், தம்பி அலசுவார். சண்டை மட்டும் குழாயடிக்கு மாறியது.

எதில் விட்டுக்கொடுத்தாலும் காலக்கா ஒன்றில் மட்டும் இறங்கி வருவதில்லை. செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வது. "கால கழட்டுன்னு சொல்றவன் மொதல்ல அவன் கால கழட்டி டிரேல வெக்கட்டும்" என்பார். தம்பியும் அசையமாட்டார். "உள்ள குழாய் இருக்கா? இருக்கு. குழாய்னா நான் பாத்துத்தான் ஆகணும்."

"அது நான் செஞ்சது. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்டா."

"உனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே."

இது இப்படியே பேச்சாகவே போயிருக்கும். நடுவில் தையல்காரம்மா விஷயம் வந்தது.

தையல்காரம்மா காலக்காவின் பழைய வாடிக்கை. வலது கால் முழங்காலுக்குக் கீழே காலக்கா செய்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் பிரசவ தேதி நெருங்கியதும் வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்துக்குக் கிளம்பினார். தம்பியின் விமான நிலையம்தான், தம்பியின் ஷிப்ட்தான். ஆனால் அந்த நேரம் அவர் வேறொரு வாசலில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஊழியர், வரிசைக்கு நடுவிலேயே காலைக் கழற்றச் சொன்னார். கால் மெஷினுக்குள் போனது. திரும்பி வரப் பதினோரு நிமிடம். அதுவரை தையல்காரம்மா ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஒற்றைக் காலில் நின்றார். கால் வந்தது, மாட்டிக்கொண்டு நேராக வாசலைப் பார்த்து நடந்து வீட்டுக்கே திரும்பிவிட்டார். பேரன் பிறந்த சேதி அவருக்குப் போனில்தான் வந்தது.

மறுநாள் அவர் பட்டறைக்கு வந்து சொன்னது ஒரே வரி. "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இனிமே எங்கயும் போறதா இல்ல."

அந்த ஞாயிறு காலக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சோதிச்சது சரி. நிக்க வெச்சது தப்பு."

"சோதிச்சதே தப்புடா!"

"அத நான் ஒத்துக்க மாட்டேன்."

சாப்பிட்ட கையைக் கழுவியதும் காலக்கா கிளம்பிப் போய்விட்டார். அன்று பாத்திரமெல்லாம் தம்பி ஒருவரே கழுவினார்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே தம்பி பட்டறைக்கு வந்தார். காலக்கா கைவேலையை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு தோல் வாரை எடுத்தார், தம்பியின் வலது காலை முழங்காலோடு மடித்துக் கட்டினார், நடை பழகும் கம்பியைக் காட்டினார். "பதினோரு நிமிஷம்." எதற்கும் ஒற்றைக் காலில் நிற்கிற பிடிவாதக்காரரை அன்று நிஜமாகவே நிற்க வைத்தார். நாலாவது நிமிடத்தில் தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டியது. எட்டாவது நிமிடத்தில் அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் சிரித்துவிட்டுப் போனார். நேரம் முடிந்து உட்கார்ந்ததும் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "ரொம்பத் தப்பு நடந்துபோச்சுக்கா" என்றார். கூடவே, "ஆனா குழாய் குழாய்தான்" என்றார்.

பதிலுக்குத் தம்பியும் அக்காவை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். ஊழியர்களுக்குப் பாடம் நடத்தும் அறை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊன்றுகோல்; மேல்பிடியைத் திருகினால் உள்ளேயிருந்து ஒரு கத்தி வழுக்கி வெளியே வருகிறது. பயணி ஒருவரிடம் பிடித்தது. காலக்கா அதைக் கையில் வாங்கி, திருகி, மூடி, மறுபடியும் திருகிப் பார்த்தார். "நல்ல வேலைக்காரன்தான் செஞ்சிருக்கான், பாவி" என்று மட்டும் சொன்னார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார்கள். வரிசையில் வைத்துக் காலைச் சோதிக்கக் கூடாது; ஓரமாக ஒரு தடுப்பு, கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலி. பயணியே துணியை விலக்கிக் காட்டுவார். ஊழியர் சிறு துணிப்பட்டையால் காலைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று அந்தத் துணியை மெஷினில் வைத்துப் பார்ப்பார். இதுவரை ஒற்றுமை. "தேவைப்பட்டால் கழற்றச் சொல்லலாம்" என்ற வரியில் மூன்று ஞாயிறு ஓடியது. அக்கா அடிப்பார், தம்பி எழுதுவார், அக்கா மறுபடியும் அடிப்பார். கடைசியில் தம்பி மனைவி ஈரக்கையோடு வந்து பேனாவைப் பிடுங்கி ஒரு வரி சேர்த்தார்: "ஏன் தேவை என்பதை மேற்பார்வையாளரே நேரில் உட்கார்ந்து பயணிக்குச் சொல்ல வேண்டும்." இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தம்பியின் மேலதிகாரி அதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். புது விதி போட அவருக்கு அதிகாரம் கிடையாதாம். மூன்றாம் முறை காலக்காவே மாவுப் பொடிக் கையோடு போய் எதிரே நின்றார். "சார், விதியெல்லாம் உங்க விதிதான். நான் கேக்கறது நாற்காலி. நாற்காலி போடக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?" அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். எதிலும் இல்லை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அன்று ஆஸ்பத்திரி முழுக்க காலக்கா சொல்லித் திரிந்தார்: "ஒரு காலுக்குச் சண்டைக்குப் போயி நாலு கால் வாங்கிட்டு வந்திருக்கேன்!"

தையல்காரம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பேரனின் முதல் பல் போட்டோதான் கடைசியில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது. அவர் கிளம்பிய நாள் காலையில் காலக்கா பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வழியனுப்ப வருபவர்கள் நிற்கும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார். தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பு அவரை நிற்க வைத்த அதே பெண் ஊழியர் தரையில் முழங்காலிட்டு, "வணக்கம்மா, தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் துடைத்தார். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சேர்த்து நாலே நிமிடம். எழுந்த தையல்காரம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குதிகால் சரியாகத் தரையில் விழ, விமானத்தை நோக்கி நடந்தார்.

காலக்காவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. சோதனை வாசல் வரைக்கும் ஓடிவிட்டார். காவலர் கை நீட்டி மறித்தார். உள்ளேயிருந்து தம்பி வந்தார், சீருடையும் தொப்பியுமாக. முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் விரல் கீழே தரையைக் காட்டியது.

"அக்கா, மஞ்சக் கோடு."

காலக்கா குனிந்து பார்த்தார். கால் கோட்டைத் தாண்டியிருந்தது. "இதுவும் ஒரு விதி!" என்று முணுமுணுத்தபடி இரண்டு பாதத்தையும் ஒழுங்காகக் கோட்டுக்குப் பின்னால் வைத்தார். அப்புறம் இடுப்புக்கு மேலே எட்டுகிற மட்டும் முன்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் தம்பியின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தொப்பி நழுவி விழ விழ, நெற்றியில் முத்தம் கொடுத்தார்.