கணு பார்க்கிறவள்

மண்டியிட்டு, தண்டிலிருந்து கிளை பிரியும் கணுவில் மூக்கு உரச, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள் மாபுசெங். இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெண் கஞ்சாச் செடி. சின்ன உருண்டை தொங்கினால் ஆண். ஆணென்றால் அந்த நிமிடமே பிடுங்கிவிடுவாள். விதைக்கென்று பொறுக்கிய ஒரே ஓர் ஆண், ஓடைக்கு அப்பால் ஆட்டுப்பட்டியில் தனியாக நிற்கிறது.

அடுத்து விரலால் அளப்பாள். "கணுவுக்குக் கணு நாலு விரல்னா அது கொக்கு. காத்துல ஒடிஞ்சிடும். ரெண்டு விரல்தான் என் புள்ள." எங்கள் லெசோத்தோ மலையில் உறைபனி சொல்லாமல் வரும். அதற்குள் முற்றிவிடுகிற குட்டை வித்துக்காக ஐந்து வருடமாகப் பொறுக்குகிறாள். இந்த வருடம்தான் கல்சுவரோரம் ஒன்று அகப்பட்டது. அதற்கு 'மூத்தவள்' என்று பெயர்.

மாபுசெங்குக்கு நாற்பது வயது. கோடையிலும் தோளில் கம்பளிப் போர்வை இருக்கும். அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மக்காச்சோளக் களியை நின்றபடியே விழுங்குவாள். பக்கத்து வயல் மொலேஃபி சோம்பேறி, ஆண்செடிகளை அப்படியே விட்டுவைப்பவன். அவன் வந்தால், மேலே ஒட்டிய மகரந்தம் உள்ளே வராதபடி சுவருக்கு வெளியிலேயே போர்வையை உதறிக் கை கழுவ வேண்டும்.

"என்னையும் கணு பாத்துத்தான் உள்ள விடுவியா, அக்கா?"

"பாக்கவே வேணாம். நீ பிடுங்கிப் போட வேண்டிய ஆளுதான்."

சிரித்து முடிக்குமுன்பே அவள் கண் மேகத்துக்குப் போய்விடும். ஆலங்கட்டி என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். "அடி வாங்குன பொட்டச் செடிக்குக் கிலி பிடிச்சிடும். துணை வராதுன்னு தானே ஆம்பளையும் ஆயிடும். அந்தப் புத்தி வித்துல இறங்கிடுச்சுன்னா அஞ்சு வருசமும் போச்சு."

போன வாரம் ஆலங்கட்டி கொட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து விடிந்ததும் மூத்தவளிடம் ஓடி, பூவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிற வழியில் நானும் எட்டிப் பார்ப்பேன். "ஒண்ணும் இருக்காது" என்றேன். "வாய மூடு, மூச்சு படுது" என்றாள்.

நேற்றுக் காலை பூக்கொத்துக்குள் அரிசியளவில் மஞ்சளாக மூன்று ஆண் மொட்டுகள். இன்னும் வெடிக்கவில்லை. அசைத்தால் மகரந்தம் பறக்கும். சுற்றிலும் அதன் தங்கைகள் பன்னிரண்டு.

"அந்த மூணை மட்டும் கிள்ளிடேன், அக்கா" என்றான் மொலேஃபி, வெளியே நின்றபடி.

"இன்னைக்கு மூணு. நாளைக்கு?"

குளிரில் எங்கள் மூச்சு புகைந்தது. மாபுசெங் ஊக்கைக் கழற்றிப் போர்வையை உருவினாள். வாளித் தண்ணீரில் அதை முக்கி, பிழியாமலே மூத்தவளை உச்சியிலிருந்து அடிவரை சுற்றினாள். பிறகு இரண்டு கையாலும் சேர்த்தணைத்து, வேரோடு இழுத்தாள்.