இருபத்து நாலாம் நம்பர் கம்பி

விஜயராகவனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. சித்தூரில் வீட்டு வயரிங் பார்த்துக்கொண்டிருந்தவர், தொண்ணூற்றேழில் திருப்பதியில் ஒரு ஷெட் பிடித்து முதலாளி ஆகிவிட்டார். கிளைடர் என்கிற இன்ஜின் இல்லாத விமானத்தில் வழிகாட்டும் கருவிக்குக் கேபிள் செய்து தரும் வேலை. அங்கே கலைவாணியும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை.

கலைவாணி நகரி விசைத்தறி வீட்டுப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், மெதுவாகப் பேசத் தெரியாது. சோதனைச் சீட்டில் அவள் கையெழுத்து போட்டால்தான் கேபிள் பெட்டி வெளியே போகும்.

கேபிளுக்கு ஆர்டர் கொடுத்த பெங்களூர்க்காரர்கள் அனுப்பிய தாளில் மின்சாரத்துக்குப் பதினெட்டாம் நம்பர் கம்பி, டேட்டாவுக்கு இருபத்து நாலு என்றிருந்தது. வீட்டு வயரில் எண் ஏறினால் கம்பி தடிக்கும். அந்தக் கணக்கிலேயே விஜயராகவன், "தலைகீழா அச்சடிச்சிட்டானுங்க" என்று மின்சாரத்துக்கு இருபத்து நாலு, டேட்டாவுக்குப் பதினெட்டு என மாற்றி வாங்கிவிட்டார். மேலே உறை கொழுகொழுவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கலைவாணி உறையை உரித்தாள். "சார், இது நூல் மாதிரிதான். எம்பதாம் நம்பர் நூலு மெலிசு, இருபது தடிப்பு. இதுலயும் நம்பர் ஏறுனா மெலிசு. தாளுல சரியாத்தான் போட்டுகிறாங்க."

"நீக்கேம் தெலுசு? உனக்கு என்ன தெரியும்? தறி ஓட்டுனவ எனக்குப் பாடம் சொல்றியா?"

அவள் அந்தக் கம்பியில் பத்தடி எடுத்து அதில் கருவியையும் ரேடியோவையும் மாட்டினாள். ரேடியோவில் பேசும் பொத்தானை அமுக்கியதும், அது இழுத்த மின்சாரத்துக்கு மெல்லிய கம்பி போதாமல் கருவியின் திரை அணைந்தது. மூன்று முறை அமுக்கினாள், மூன்று முறையும் அணைந்தது.

"பேட்டரி வீக். சந்தகம் பெட்டு" என்று கையெழுத்து போடச் சொல்லிச் சீட்டை நீட்டினார்.

"மேல போய்க்கினு இருக்கிறவனுக்கு வழி தெரியாம பூடும் சார். நான் போட மாட்டேன்."

"அப்போ வீட்டுக்குப் போ."

போய்விட்டாள். அடுத்து என் மேசைக்கு வந்தார். எனக்கு வேலை வேண்டும். பேனாவை எடுத்துக் கையெழுத்து போட்ட என்னை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றரை மாதத்தில் பெட்டி திரும்பி வந்தது. வானத்தில் திரை அணைந்து, வழி தப்பி, ஏதோ கேழ்வரகுக் கொல்லையில் விமானத்தை இறக்கியிருக்கிறான் ஒருவன். எல்லாக் கேபிளையும் மாற்றித் தரச் சொன்னார்கள் பெங்களூர்க்காரர்கள். புலிபோல் உறுமியவர் பூனைபோல் என்னிடம் வந்து, "மஞ்சு, அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு வாம்மா" என்றார்.

புத்தூர் வழியாக நகரிக்குப் பஸ் ஏறினேன். கலைவாணி தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் உசுரோட கீறானா?"

"கீறான். காலு மட்டும் உடைஞ்சிச்சாம்."

"சீட்டுல யாரு கையெழுத்து?"

"என்னுது" என்றேன்.

"அப்போ நீயே போய் மாத்திக் குடு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தறி ஓட ஆரம்பித்தது.