டோக்கன் இல்லாத சைக்கிள்

1988-இல் மேற்குத் தாம்பரத்தில் சவுரிமுத்துவின் சைக்கிள் ஸ்டாண்டைத் தெரியாதவன் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட மனுஷன், பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே முள்ளுக்காடாய்க் கிடந்த இடத்தைத் தன் கையாலேயே வெட்டித் திருத்தி, இருநூறு வண்டி நிற்கிற மாதிரி ஆக்கினார். எந்தப் பட்டதாரி செய்வான் அதை? பதினெட்டு வருஷத்தில் ஒரு வண்டி களவு போனதில்லை. தகர டோக்கனைக் கொடுத்தால்தான் வண்டி. போலீஸ்காரர் ஒருவரையே டோக்கன் தேடிவர வீட்டுக்கு அனுப்பியவர்.

பத்தாவது படித்த சரோஜினி அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் ஒரு சின்னப் பெண்ணை அறைந்ததை, ஒன்பதாவது படித்த சாவித்ரி பார்த்துவிட்டு, டீச்சரிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே சரோஜினியும் கூட்டாளிகள் இருவரும் சாவித்ரியின் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள். முடிச்சூர் போக வேண்டிய பெண், சவுரிமுத்துவிடம் வந்து கெஞ்சினாள். தன் வண்டி எதுவென்று அவருக்கே தெரியுமே என்றாள். தெரியும்தான். டோக்கனோடு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அரைமணி கழித்து டோக்கனோடு வந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு பின்னல் அவிழ்ந்து, பாவாடையெல்லாம் சேறு. பொட்டைப் பிள்ளைங்க சண்டையில் நமக்கென்ன வேலை என்றார்கள் டீக்கடையில். சவுரிமுத்துவும் தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் நாலரைக்கு சாவித்ரி ஓடியே வந்தாள். வெறுங்கை. பின்னால் மூன்று பேர், அதில் ஒருத்தி கையில் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ். சரோஜினி ஓடவில்லை. டோக்கனை விரலில் சுழற்றிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். டீக்கடை திரும்பிப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, டோக்கன் எங்கிட்ட கீது. அத்த வாங்காம வண்டிய உட்டுட்டா உங்க ரூல் இன்னா ஆவறது?"

இத்தனை வருஷமாய் அவர் பேசிய பேச்சு. அதை அவள் வாயிலிருந்து கேட்டதும் அவருக்குக் காது சுட்டது. மூங்கில் தடியை வாசலுக்குக் குறுக்கே போட்டார். வரிசைக்குள் புகுந்து சாவித்ரியின் வண்டியை உருவி, பின்பக்கப் படலைத் திறந்தார்.

"ஏறும்மா. வூடு போற வரைக்கும் எங்கியும் நிக்காத."

"பாத்தியாடி, தாத்தா பல்டி அடிச்சிட்டாரு" என்று சரோஜினி சிரித்தாள். தடியைத் தாண்ட ஒருத்தி காலைத் தூக்கினாள். அதற்குள் வாசலுக்குத் திரும்பிய அவர் குறுக்கே நின்றார், நகரவில்லை. சைக்கிள் தெருமுனை தாண்டுகிறவரை அப்படியே நின்றார்.

அடுத்த நாள் சாவித்ரி பள்ளிக்கு வரவில்லை. அவள் படிப்பையே நிறுத்தப்போவதாக அவள் அப்பா சொல்லிவிட்டாராம். தலைமையாசிரியை ஞானாம்பாள் டீக்கடை வரை வந்து விசாரித்தார். எல்லோரும் பார்க்கவே இல்லை என்றார்கள். சவுரிமுத்து மட்டும் எழுந்து அவரோடு போனார். அவர் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதி, படித்துக் காட்டினார்.

"ஒண்ணு உட்டுப்போச்சுங்க. மொத நாளு அந்தப் பொண்ண திருப்பி அனுப்பி அடி வாங்க வெச்சது நானு. அதையும் எழுதுங்க."

எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அந்தத் தெருவில் சாட்சி சொன்ன ஒரே ஆள் அவர். இதை எவன் வந்தாலும் மறுக்க முடியாது. சரோஜினிக்கு டி.சி. கொடுத்தார்கள். சாவித்ரி திரும்பப் படிக்க வந்தாள், பஸ்ஸில்.