காசம்மாளின் ஆடுகளும் துரையின் கல்வட்டங்களும்

காசம்மாளை ஊரில் வாய்க்காரி என்பார்கள், பிடிவாதக்காரி என்பார்கள். இரண்டும் உண்மைதான். என் நாத்தனாரை எனக்குத் தெரியாதா? ஆனால் துரையின் வேலையை அவள் கெடுத்தாள் என்று சொல்கிறார்களே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், மாற்றாமல் எழுதுங்கள்.

மடுகரைக்கு வடக்கே ஒரு செம்மண் மேடு. சுற்றிலும் நெல்லும் கரும்பும். பயிர்க்காலத்தில் ஆடு வாய் வைக்க அந்த மேட்டை விட்டால் வேறு இடமில்லை. வயலில் இறங்கினால் பிடித்துப் பட்டியில் அடைத்துவிடுவார்கள். புருஷன் போன பிறகு காசம்மாளுக்கு மிஞ்சியது அந்த ஆடுகள்தான். மேடு போனால் ஆடு போச்சு. ஆடு போனால் அடுத்தவன் வயலில் போய்க் களை பறிக்க வேண்டும். யார் முன்னாலும் கைகட்டி நிற்காதவளுக்கு அதைவிடச் சாவு மேல்.

மேட்டின் மேல் பெரிய பெரிய கற்கள் வட்டவட்டமாகப் பதிந்து கிடக்கும். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷம், புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரத் துரை அந்தக் கற்களை அளந்து படம் போட வந்தார். அவர் பேச்சை நமக்கும் நம் பேச்சை அவருக்கும் சொல்ல வில்லியனூர்ப் பவுல்ராஜ் கூட வந்தான்.

சங்கிலியை இழுத்து அளப்பதைக் காசம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னா தம்பி, கல்லுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"இல்ல யக்கா. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி செத்தவங்கள இங்க பொதைச்சிருக்காங்க. ஒவ்வொரு வட்டத்துக்கு அடியிலயும் தாழி இருக்குதாம்."

"அட, மதமதக்கத் தாழியா? வயசாகியும் சாவாத கெழடுங்கள வெச்சி மூடுவாங்களே, அதானே? ஒண்ணு காலியா இருந்தா சொல்லச் சொல்லு. எங்க மாமியார வெக்கணும்."

பவுல்ராஜ் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ, துரை தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

அந்த மரியாதை மறுநாள் மதியம் வரைக்கும் தாங்கியது. கல்லில் சாயம் பூசினால் கல் கெட்டுவிடும் என்று, துரை ஒவ்வொரு கல்லிலும் நம்பர் எழுதிய காகிதத்தை ஒட்டச் சொன்னார். பவுல்ராஜ் அரிசிக் கஞ்சியைப் பசையாகக் காய்ச்சி ஒட்டினான். ஒட்டிவிட்டு மரத்தடியில் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தால் ஒரு கல்லிலும் காகிதம் இல்லை. ஆடுகள் கல்லை நக்கிக்கொண்டு நின்றன.

"யக்கா, உன் ஆடு சர்க்கார் நம்பரத் துன்னுட்டுது!"

"கஞ்சியத் தடவிப் பந்தி வெச்சவன் நீ. துன்னுட்டுப் போனதுங்க மேல பழியா?"

வாய் அப்படிப் பேசினாலும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டை விட்டு இறங்கிவிட்டாள். இன்னொரு தரம் நடந்தால் மேட்டில் ஆடே ஏறக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். புதுக் காகிதம் ஒட்டினார்கள். பயிரை ஆடு கடிக்காமலிருக்க நாம் என்ன செய்வோம்? சாணியைக் கரைத்துத் தெளிப்போம். சாணி பட்டதை ஆடு மோந்துகூடப் பார்க்காது. விடிந்ததும் அவளும் நானும் ஆளுக்கொரு பானை சுமந்து போய், ஒரு காகிதம் விடாமல், வாசல் தெளிப்பது மாதிரி நன்றாகத் தெளித்துவிட்டு வந்தோம்.

ஆடு தொடவில்லை. வாஸ்தவம். துரையும் தொடவில்லை.

அன்றைக்கே தண்டோரா போட்டுவிட்டார்கள். மேட்டுக்கு ஆடு வரக்கூடாது. சுற்றிலும் கம்பிவேலி போடச் சர்க்காருக்கு எழுதப் போகிறார்கள். காசம்மாள் ஆடுகளைக் கொல்லையில் கட்டி, ஊரிலுள்ள பூவரசங் கிளைகளை எல்லாம் ஒடித்துப் போட்டாள். ஆடு வாங்குகிறவன் மோப்பம் பிடித்து வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தான். முதல் தரம் துடைப்பத்தால் விரட்டினாள். அடுத்த தரம் வாயால் விரட்டினாள். மூன்றாம் தரம் வந்தவனை "உக்காரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நல்ல வேளை, மழை பிடித்துக்கொண்டது. வந்தவனும் அப்புறம் வருகிறேன் என்று போனான். துரை புதுச்சேரிக்குப் போய்விட்டார். ஐப்பசி பூராவும் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் போட்டோ பிடிக்கிற பெட்டியோடு துரை திரும்பி வந்தால், கற்களைக் காணோம்! மேய ஆடில்லாத மேட்டில் புல்லும் முள்ளும் இடுப்பு உயரத்துக்கு நின்றன. துரை தடியால் குத்திக் குத்தித் தேடினார். ஒரு கல்லை அவர் முழங்கால் கண்டுபிடித்தது. அறுக்க ஆள் கூப்பிட்டால், ஊரே சம்பா வயலில் களை பறிக்கிறது. கடைசியில் பவுல்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு கொல்லைக்கு வந்தான்.

"யக்கா, ஆட்ட ஓட்டிகினு மேட்டுக்கு வாயேன்."

"எந்த ஆடு? சர்க்கார் நம்பரத் துன்ன ஆடா?"

"பழச விடு யக்கா. தொர கூப்புடறாரு."

"இன்னிக்கி மேயச் சொல்லுவாரு, நாளைக்கிக் கம்பி போடுவாரு. கம்பி கெடையாதுன்னு அவரு வாயால எங்கிட்ட சொல்லட்டும்."

"தொர உன் வூட்டுக்கு வரணுமா?"

"ஏன், என் ஆட்டுக்குத் தெரிஞ்ச வழி அவருக்குத் தெரியாதா?"

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. துரை வந்தார், நொண்டிக்கொண்டே வந்தார். கொல்லைப் படலுக்குக் குனிந்து உள்ளே வந்து என்னவோ சொன்னார். "கம்பி போடலியாம். வருசா வருசம் ஆடு மேஞ்சாதான் கல்லு கண்ணுக்குத் தெரியுமாம்" என்றான் பவுல்ராஜ்.

"மூணு தரம் சொல்லச் சொல்லு."

துரை மூன்று தரம் சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை அவளுக்கு. மூன்று தரமும் ஒரே மாதிரி சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பிறகுதான் கயிற்றை அவிழ்த்தாள்.

ஆடுகள் மேய மேயக் கல் ஒவ்வொன்றாகத் தலை காட்டியது. துரை பின்னாலேயே போய்ப் படம் போட்டு, போட்டோவும் பிடித்து முடித்தார்.

அதற்கப்புறம் அவள் நடையே மாறிவிட்டது. மேட்டுப் பக்கத்து வயல்காரர் யாராவது, "ஆட்ட அந்தாண்ட ஓட்டேன், காசம்மா" என்றால், நின்ற இடத்தை விட்டு நகராமல் பதில் சொல்லுவாள்:

"சர்க்கார் வேலை நடக்குது. நீ போய் உன் வேலையப் பாரு."