சிவப்பு பல்பு எரிந்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்க்கும் மில்லில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரின் கேபிளை நானே பிடுங்கினேன். வேண்டுமென்றேதான்!

என்ன, இந்த மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்கிறீர்களா? என் மகள் கயல்விழியும் அதைத்தான் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள் குட்டிகளா.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நானும் ஷாகிதாவும். ஷாகிதா திண்டுக்கல் டவுனிலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவர், கம்ப்யூட்டர் படித்தவர். நான் ப்ளஸ் டூவோடு நின்றவன். அவர் கீபோர்டைப் பிடிப்பார், நான் ஒயரைப் பிடிப்பேன். வண்டி ஓடுகிறது.

மில்லில் சர்வர்கள் உண்டு — மெஷின்களுக்கு வேலை சொல்லும் பெரிய கம்ப்யூட்டர்கள். அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர். எல்லாம் நலம் என்றால் திரையில் பச்சை. ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் சிவப்பு. உடனே எங்கள் போனுக்கு மெசேஜ்.

ஆனால் மெஷின் ஓடும் ஹாலில் போன் அடித்தால் யார் காதில் விழும்? பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காதே! அதனால் நாங்களாக ஒன்று சேர்த்திருந்தோம். ஹாலுக்கு ஈரக்காற்று அனுப்பும் மெஷினை ஓட்டும் சர்வர் நின்றால், ஹால் சுவரில் ஒரு சிவப்பு பல்பு எரியும்.

அதென்ன ஈரக்காற்று? நம்ம ஊர் வறண்ட காற்றுக்கு நூல் பட்டுப் பட்டென்று அறுந்துவிடும். அறுந்த ஒவ்வொரு இழையையும் ஓடி ஓடி ஒட்டுகிறவர்கள் பாண்டியம்மாள் அக்காவும் அவர் கூட நிற்கும் பெண்களும். பல்பு வருவதற்கு முன்னால், காற்று நின்றதே தெரியாமல் அவர்கள் ஓடிய ஓட்டம்... ஷிப்ட் முடிந்து பஸ் படி ஏறும்போது கால் வீங்கியிருக்கும்.

இப்போது அந்த சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மெஷின் கிளீனிங். அன்னைக்கே முடிங்க. உங்க பல்பு சரியா வரலைன்னா கழட்டிப் போட்டுட்டு, சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க குடுத்தத மட்டும் ஓட்டுவோம்."

இது எப்படியோ ஹாலுக்குப் போய்விட்டது. ஞாயிறு காலை பாண்டியம்மாள் அக்கா கையில் விளக்குமாறோடு எங்கள் ரூம் வாசலில் நின்றார்.

"ஏப்பா, பல்பக் கழட்டப் போறீகளாமே?"

"இல்லக்கா, அப்டேட்தான் பண்றோம்."

"என்னமோ பண்ணுங்க. பல்பு மட்டும் போச்சு... ரெண்டு பேரையும் நூல் ஒட்ட விட்ருவேன், ஆமா!"

ஷாகிதா முதலில் பழைய செட்டிங் முழுவதையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவைத்தார். அப்புறமும் அந்த சாஃப்ட்வேர் ஓடும் அசல் சர்வரில் நேராகக் கை வைக்கவில்லை. சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றி, கண்காணிக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் அதனிடம் கொடுத்தோம். அதில்தான் ஒத்திகை.

புது வெர்ஷன் ஏறியது. திரை முழுக்கப் பச்சை! நான் கைதட்டினேன். ஷாகிதா சிரிக்கவில்லை.

"அண்ணே, செத்த நேரம் பொறுங்க."

"அம்புட்டும் பச்சையா இருக்கேம்மா... இன்னும் என்ன?"

"பச்சையா இருந்தா பல்புக்கு என்ன வேலை? சிவப்பு வந்தாத்தான அது எரியுதா இல்லையான்னு தெரியும். ஈரக்காத்து சர்வரோட கேபிளப் புடுங்குங்க!"

பிடுங்கினேன். திரையில் சிவப்பு வந்தது. போனில் மெசேஜ் வந்தது. ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால்... பல்பு எரியவில்லை!

ஏன் தெரியுமா? பல்பை எரியச் சொல்லும் வரிகளை, கம்பெனி கொடுத்த ஃபைலுக்குள்ளேயே நடுவில் எழுதிவைத்திருந்தோம். நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுச் சுவரில் கயல்விழி மயில் வரைந்த மாதிரி! வீட்டுக்காரர் வெள்ளையடித்தார், மயில் பறந்தது. இங்கே புது வெர்ஷன் வெள்ளையடித்துவிட்டது.

நம்முடைய சேர்க்கைகளை வைத்துக்கொள்ள அந்த சாஃப்ட்வேரிலேயே தனி ஃபோல்டர் உண்டு. அப்டேட் வந்தாலும் அதைத் தொடாது. நாங்கள்தான் அதைத் திறந்தே பார்த்ததில்லை! பழைய நகலையும் புது ஃபைலையும் பக்கம் பக்கமாக வைத்து, எங்கள் வரிகளை மட்டும் பொறுக்கி அந்த ஃபோல்டரில் வைத்தோம். மறுபடி ஒத்திகை. எரிந்தது.

அப்புறம்தான் கண்காணிக்கும் அசல் சர்வர். புது வெர்ஷன் ஏறியதும், ஷாகிதா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஈரக்காற்று சர்வரின் கேபிளை மறுபடியும் பிடுங்கினேன்.

"எரியுதுடீ... எரியுது!"

பாண்டியம்மாள் அக்காவின் குரல். மெஷின் நின்றிருந்ததால் மில் முழுக்கக் கேட்டது. அடுத்த நொடி பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குலவை போட்டார்கள் பாருங்கள்... மேனேஜர் பதறி ஓடிவந்தார்.

"என்னாச்சு? எதுக்கு சிவப்பு எரியுது?"

"எரியணும்னுதான் சார்!" என்றார் ஷாகிதா.

மேனேஜர் பல்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "சரி, பல்பு இருக்கட்டும்."

அபாய விளக்கு எரிந்ததற்குக் குலவை போட்ட மில் வேறெங்காவது உண்டா?

குட்டிகளா, புதுசு வரும்போது பயப்படாதீர்கள். உங்களுடையதை உங்களுக்கென்று ஓர் இடத்தில் வையுங்கள். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று தோன்றும்போது, ஒருமுறை பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். கயல்விழி இப்போது மயிலைச் சார்ட்டில் வரைந்து மாட்டியிருக்கிறாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கடைசியாகக் கேட்டாள்: "கேபிளத் திரும்ப மாட்டுனீங்களாப்பா?"

மாட்டாமல் வந்திருந்தால், இந்த வாரம் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்... நூல் ஒட்டிக்கொண்டிருப்பேன்!